தனியாக ஆடும் விளையாட்டுக்கும் இணைய இணைப்பு எதற்கு?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டுகளில் நீண்ட பழக்கம் உள்ளவர்கள் இங்கே பலர் இருப்பதால், வெகுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன்.

நான் பெரும்பாலும் தனியாக ஆடுகிறவன். நகரம் கட்டுவது, கார் ஓட்டுவது, ஒரு கதையின் போக்கில் நடந்து செல்வது ஆகியவையே எனக்குப் பிடித்தவை. முகமறியாத ஒருவரோடு மோதி வெல்வதில் நாட்டம் இல்லை. ஆனால் அண்மையில் நான் வாங்க நினைத்த விளையாட்டுகள் பலவற்றின் விற்பனைப் பக்கத்தில், அடியில் சிறிய எழுத்தில், 'இடையறாத இணைய இணைப்பு தேவை' என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் பகுதியில் மின்சாரம் போனால் வீட்டுக் கணினிக்கு இன்வெர்ட்டர் உண்டு. தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் கேபிள்காரரின் பெட்டிக்கு இல்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கும், ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நான் ஒருவன் மட்டுமே உலவுகிற கற்பனை நகரமோ நிறுவனத்தின் மையக் கணினியான சர்வரைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

இது தொழில்நுட்பத்தால் வந்த தேவையா, வணிகத்தால் வந்த தேவையா என்பது என் முதல் ஐயம். வெளியான பிறகும் விளையாட்டுகள் மாறிக்கொண்டே இருப்பது பற்றியது இரண்டாவது. முன்பெல்லாம் வட்டில் எது இருந்ததோ அதுதான் விளையாட்டு. இப்போது சில மாதம் விட்டுவிட்டுத் திரும்பினால் ஆயுதத்தின் வலிமை மாறியிருக்கிறது, மெனு இடம் மாறியிருக்கிறது, சில வேளைகளில் ஒரு பகுதியே காணாமல் போயிருக்கிறது. பிடித்திருந்த பழைய நிலைக்குத் திரும்ப வழி ஏதும் உண்டா? இவ்விரண்டு போக்குகளும் ஒன்றோடொன்று பிணைந்தவையா, அல்லது ஒரே காலத்தில் வந்துசேர்ந்த வேறு வேறு போக்குகளா?

என் சித்தப்பா மகன், எல்லாம் திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்கென்னவோ விடை அவ்வளவு சுருக்கமானதாகத் தோன்றவில்லை.

கணிமேடை எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அது பழைய கதை. 2010-இல் யுபிசாஃப்ட் நிறுவனம் அசாசின்ஸ் க்ரீட் 2 விளையாட்டின் கணினிப் பதிப்பை வெளியிட்டபோது, முழுக்க முழுக்கத் தனியாள் ஆடும் அந்தக் கதைக்கு இணைய இணைப்பைக் கட்டாயமாக்கியது. இணைப்பு அறுந்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடும். திருட்டுப் பிரதியை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. வெளியான சில நாள்களிலேயே அந்நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி, காசு கொடுத்து வாங்கியவர்களே வாசலில் நிற்க நேர்ந்தது. பின்னர் அந்த முறை தளர்த்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த விளையாட்டுகளில் இணைப்பு செய்யும் வேலையே வேறு.

ஒரு விளையாட்டு இணைப்பைக் கேட்கிறது என்றால், சர்வரில் எதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் உரிமச் சரிபார்ப்பு, அதாவது காசு கொடுத்து வாங்கிய பிரதிதானா என்ற சோதனை, மட்டுமே அங்கே இருக்கும். சிலவற்றில் ஆட்டக்காரரின் சேமிப்பும் அங்கே போய்விடும். அதாவது எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறார், கையில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்ற கணக்கு முழுவதும். இன்னும் சிலவற்றில் ஆட்டத்தின் கணிப்பே, அதாவது அடுத்து என்ன நடக்கிறது என்ற கணக்கீடே, சர்வரில் நடக்கும்: நம் கணினி எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதைத் தெரிவிப்பதோடு சரி, குண்டு பட்டதா, எதிரி விழுந்தானா, விழுந்தவனிடமிருந்து என்ன கிடைத்தது என்பதையெல்லாம் சர்வர் முடிவுசெய்து திருப்பி அனுப்பும். பலர் மோதும் ஆட்டத்தில் இந்தக் கடைசி வகை தவிர்க்க முடியாதது. ஒவ்வொருவரின் கணினியும் சொல்வதை அப்படியே நம்பினால், அடிபட்டும் சாகாதவர்களும் நினைத்த இடத்துக்குத் தாவுகிறவர்களும் மட்டுமே களத்தில் மிஞ்சுவார்கள்.

தனியாள் ஆட்டத்தில் இந்த நியாயம் எடுபடாது. அங்கே ஏமாற்றினால் ஏமாறுவது யார்? இருந்தும் சர்வர் ஏன் வந்தது என்பதற்கு, அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்கும் டயாப்லோ 3 விளையாட்டு நல்ல சான்று. 2012 மே 15 அன்று அது வெளியான இரவில், உலகெங்கும் காத்திருந்தவர்களுக்குத் திரையில் கிடைத்தது 'பிழை 37' என்ற செய்திதான். சர்வர்கள் நெரிசலில் திணறிக்கொண்டிருந்தன. தனியாக ஆடுவோரையும் சர்வரோடு கட்டிப்போட்டதற்குக் காரணம், அவ்விளையாட்டுக்குள் அமைக்கப்பட்டிருந்த ஏல மையம். ஆட்டத்தில் கிடைத்த வாளையும் கவசத்தையும் உண்மைப் பணத்துக்கு விற்கலாம், ஒவ்வொரு விற்பனையிலும் விளையாட்டை வெளியிட்ட ப்ளிசார்ட் நிறுவனத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது ஏற்பாடு. வாளுக்கு விலை வந்துவிட்டால் அதைக் கள்ளத்தனமாக நகலெடுக்கவும் ஆள் வந்துவிடுவார்கள். டயாப்லோ 2-இல் அந்த நகல் பொருள்களால் பட்டபாடு பழையவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே எந்த அரக்கன் செத்தால் எந்தப் பொருள் விழும் என்ற முடிவைச் சர்வரிடம் ஒப்படைத்தார்கள். 2013 செப்டம்பரில் அதே விளையாட்டு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களுக்கு (தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டிகள்) வந்தபோது அதில் ஏல மையம் இல்லை. இணைப்பு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஆடவும் முடிந்தது. இந்த ஒப்பீட்டை விடத் தெளிவான விடை உங்கள் முதல் ஐயத்துக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன். கணினிப் பதிப்பின் ஏல மையத்தையும் 2014 மார்ச்சில் மூடிவிட்டார்கள், இணைப்புக் கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நகரம் கட்டுவது பிடிக்கும் என்று சொன்னதால் சிம்சிட்டியையும் சொல்கிறேன். 2013 மார்ச் 5 அன்று வெளியான அந்தப் பதிப்பில் நகரங்கள் ஒரு வட்டாரமாக இணைந்து ஒன்றுக்கொன்று மின்சாரமும் தண்ணீரும் விற்கும் என்பதால், கணிப்பின் பெரும்பகுதி சர்வரில் நடப்பதாக அதை உருவாக்கிய மேக்சிஸ் தரப்பு விளக்கியது. வாங்கியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். சுமையைக் குறைப்பதற்காக ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தைக்கூட நிறுத்திவைத்தார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள், இணைப்புத் துண்டிப்பைக் கண்காணிக்கும் கடிகாரத்தை ஒருவர் செயலிழக்கச் செய்து, இணைப்பு இல்லாமலும் நகரம் ஓடுவதைக் காட்டிவிட்டார். ஆனால் அத்துடன் கதை முடியவில்லை. சேமிப்பும் வட்டார வணிகமும் உண்மையாகவே சர்வரில்தான் இருந்தன. 2014 மார்ச்சில் ஆஃப்லைன் (இணைப்பில்லாத) ஆட்டத்தை அதிகாரபூர்வமாகச் சேர்த்தபோது, அதற்காக ஆறு மாதத்துக்கு மேல் அடிப்படை நிரலைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது என்று அதன் பொறியாளர்கள் தெரிவித்தார்கள். நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அதை நான் நம்புகிறேன். உரிமச் சரிபார்ப்பை நீக்க ஒரு பிற்பகல் போதும். சேமிப்பைச் சர்வரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும். கணிப்பையே கொண்டுவருவது என்றால் விளையாட்டைப் பாதி மறுபடி எழுதுவதாகும். தொடக்கத்திலேயே அதற்கு இடம்விட்டு எழுதினால் செலவு குறைவு. அப்படி எழுதச் சொல்லிப் பணம் ஒதுக்குகிறவர்தான் அரிது.

தாமரைச்செல்வி எழுதியது:

கணிமேடை அவர்கள் முதல் ஐயத்தை நன்றாக விளக்கிவிட்டதால், வெளியான பிறகு நேரும் மாற்றங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாற்றம் என்றாலே இழப்பு என்ற தொனி கேள்வியில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டு 2010 செப்டம்பர் 30 அன்று வெளியானபோது, ஆட முடியாத அளவுக்கு மந்தமாகவும் குழப்பமாகவும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பேற்ற நவோக்கி யோஷிதா, ஓடிக்கொண்டிருந்த விளையாட்டைச் செப்பனிட்டுக்கொண்டே, மறுபுறம் அதை அடியோடு புதிதாக எழுத ஒரு குழுவை அமர்த்தினார். பழைய உலகத்தை எப்படி முடிப்பது என்பதிலும் ஒரு நயம் இருந்தது. கதையில் வரும் டாலமுட் என்ற சிவந்த நிலவு வானத்தில் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்று அது விழுந்து உலகம் அழிந்ததோடு சர்வர்களும் நிறுத்தப்பட்டன. 2013 ஆகஸ்ட் 27 அன்று, அதே உலகம் ஐந்தாண்டு கழிந்த நிலையில், புதிய விளையாட்டாக மீண்டும் திறந்தது. இன்றுவரை ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தின் பெரிய தூண்களில் ஒன்றாக அது நிற்கிறது. வட்டோடு முடிந்துபோகும் விளையாட்டாக இருந்திருந்தால், 2010-இல் கேலிக்குள்ளான நிலையிலேயே அதன் பெயர் நின்றுபோயிருக்கும். விண்வெளியில் உலவும் நோ மேன்ஸ் ஸ்கை விளையாட்டும் அப்படித்தான். 2016 ஆகஸ்டில் கடும் ஏமாற்றத்தை அளித்த அவ்விளையாட்டு, தனித்தொகை ஏதும் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் வந்த புதுப்பிப்புகளால் நற்பெயரை மீட்டெடுத்தது. பலர் சேர்ந்து ஆடும் வசதி முறையாக வந்ததே 2018 ஜூலையில்தான்.

பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதற்கு, பலர் சேர்ந்து ஆடும் ப்ளிசார்டின் இணைய விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நான் அதிகம் ஆடியதும் அதுதான், எனவே சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 நவம்பரில் வெளியான அவ்விளையாட்டுக்கு ஏற்கெனவே வந்த விரிவாக்கங்கள் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) பழைய நிலப்பரப்பின் மேல் புதிய கண்டங்களைச் சேர்த்தன. 2010 டிசம்பர் 7 அன்று வந்த கேட்டக்லிசம் என்ற விரிவாக்கமோ பழைய நிலத்தையே உடைத்தது. டெத்விங் என்ற டிராகன் எழுந்து வந்த பேரழிவில், வறண்ட பள்ளத்தாக்காக இருந்த தவுசண்ட் நீடில்ஸ் முழுவதும் கடல்நீர் புகுந்து படகில் போகும் இடமாயிற்று. பேரன்ஸ் சமவெளியை நெருப்புப் பிளவு ஒன்று இரண்டாக்கியது. ஆபர்டைன் துறைமுகம் இடிபாடாயிற்று. அந்த விரிவாக்கத்தைக் காசு கொடுத்து வாங்காதவர்களுக்கும் பழைய நிலம் கிடையாது, ஏனெனில் உலகம் ஒன்றுதான், அது சர்வரில் இருக்கிறது. இங்கேதான் வைகைக்கரையின் இரண்டு ஐயங்களும் ஒன்றாகின்றன. உலகம் நம் கணினியில் இருந்தால் புதுப்பிப்பை ஏற்காமல் இருக்கலாம். சர்வரில் இருந்தால், எந்தப் பதிப்பு இன்று உயிரோடு இருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறவர் சர்வரை நடத்துகிறவர்.

பழைய உலகத்தைக் கேட்டவர்களுக்கு முதலில் கிடைத்தது மறுப்புதான். 2013-இல் நடந்த ரசிகர் மாநாட்டு மேடையில், அது வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம் என்ற பொருளில் ப்ளிசார்டின் ஜே. ஆலன் பிராக் விடை சொன்னார். பிரான்சிலிருந்து ரசிகர்கள் நடத்திய நாஸ்டால்ரியஸ் என்ற அனுமதியற்ற சர்வரில் பழைய பதிப்பை ஆடப் பெருங்கூட்டம் சேர்ந்தது. வழக்கறிஞர் கடிதத்தால் 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நிறுவனத்தையே யோசிக்க வைத்தது. 2017-இல் அதே மாநாட்டில் பழைய பதிப்பு திரும்பும் என்று அறிவித்தார்கள். 2019 ஆகஸ்டில் அது 'கிளாசிக்' என்ற பெயரில் திறந்தது. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் பழைய ஓட்டைகளும் கூடவே வரும் என்பதால், 1.12 என்ற பதிப்பின் தரவை மீட்டு, புதிய நிரலை அந்தப் பழைய தரவோடு பொருத்தினார்கள்.

நிலம் திரும்பியது, பழைய அனுபவம் திரும்பவில்லை. 2005-இல் உலகத்தின் முதல் குழு ராக்னரோஸ் என்ற நெருப்பரசனை வீழ்த்த, விளையாட்டு வெளியாகி ஐந்து மாதம் ஆயிற்று. கிளாசிக் திறந்த ஒரு வாரத்துக்குள் அவன் விழுந்தான். அவன் மெலிந்துவிடவில்லை, ஆடுகிறவர்கள் இடைப்பட்ட காலத்தில் எல்லாவற்றையும் கற்றுவிட்டிருந்தார்கள், எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்ற அட்டவணை எல்லாருடைய இரண்டாம் திரையிலும் திறந்திருந்தது. 2005-ஆம் ஆண்டின் விளையாட்டைத் திரும்பப் பெறலாம், அந்த அறியாமையைத் திரும்பப் பெற முடியாது. இருந்தும் அது இருப்பது நல்லது என்றே சொல்வேன்.

இன்னொரு இணைய விளையாட்டான ரூன்ஸ்கேப்பின் வழி வேறு. 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு பிரதி ஜாகெக்ஸ் நிறுவனத்திடம் கிடந்ததால், 2013 பிப்ரவரியில் அதை ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று திறந்தார்கள். புதிய அம்சம் எதைச் சேர்ப்பதானாலும் ஆடுவோரிடம் வாக்கெடுப்பு. நூற்றுக்கு 75 பேர் ஒப்புக்கொண்டால்தான் சேரும், 2022 முதல் அது 70. பழையதைக் கேட்டு வந்தவர்கள் வாக்களித்து வாக்களித்தே அதைப் புதியதாக்கிவிட்டார்கள் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்த மாற்றம் அவர்களைக் கேட்டு நடந்தது.

பழையவட்டு எழுதியது:

தாமரைச்செல்வி அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மீண்டெழுந்தவற்றின் பட்டியலை மட்டும் படித்தால் படம் அழகாகத்தான் தெரியும்.

டெஸ்டினி 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை 2017-இல் முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு 'ரெட் வார்' என்ற கதைதான் முதன்மை. 2020 நவம்பரில் பங்ஜி நிறுவனம் அந்தக் கதையை, அதன் பின் தனியாக விற்ற இரண்டு விரிவாக்கங்களோடும், செவ்வாய், புதன் ஆகிய கோள்கள், டைட்டன், ஐயோ ஆகிய நிலவுகள் என்ற ஆட்ட இடங்களோடும் சேர்த்து விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டது. விளையாட்டின் கொள்ளளவு பெருத்துவிட்டது, இத்தனையையும் ஒருசேரப் பராமரித்தால் புதுப்பிப்புகள் தாமதமாகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். பொறியியல் நோக்கில் அது நியாயமாகவே இருக்கட்டும். விற்ற சரக்கை வாங்கியவர் வீட்டிலிருந்து எடுத்துப்போவதற்கு அது போதுமா? இதற்கு ஒரு விசித்திரமான பின்விளைவும் உண்டு. ரெட் வார் கதை தன்னுடையது என்று ஓர் எழுத்தாளர் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தபோது, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட நிறுவனத்திடம் ஓடும் நிலையில் பழைய விளையாட்டு இல்லை. ரசிகர்கள் யூடியூபில் ஏற்றியிருந்த காணொளிகளையும் விக்கிப் பக்கங்களையும் சான்றாக அளித்தார்கள். மூன்றாம் தரப்பினர் உருவாக்கியவை என்று அவற்றை ஏற்க மறுத்த நீதிபதி, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவும் 2025-இல் மறுத்துவிட்டார். படைத்தவர்களே தங்கள் படைப்பைத் திறந்து காட்ட முடியாத நிலை வேறெந்தக் கலையிலும் இவ்வளவு விரைவாக வந்ததில்லை.

அணிகள் மோதும் இணைய விளையாட்டான ஓவர்வாட்சின் கதை இன்னும் சுருக்கமானது. 2016 மே மாதம் விலைக்கு விற்கப்பட்ட அவ்விளையாட்டின் சர்வர்கள் 2022 அக்டோபர் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, அந்த இடத்தில் ஓவர்வாட்ச் 2 வந்தது. ஆறுபேர் அணி ஐந்துபேர் அணியாயிற்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கார் ஓட்டுவது பிடிக்கும் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது தி க்ரூ. 2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் வெளியிட்ட இந்த விளையாட்டில் சுருக்கிய வடிவில் அமெரிக்கா முழுவதையும் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை காரில் கடக்கலாம். பெரும்பகுதியைத் தனியாகவே ஓட்டி முடிக்கலாம், ஆனாலும் இணைப்பு கட்டாயம். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அடுத்த சில நாள்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை நீக்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்கிய வட்டு இன்றும் அலமாரியில் இருக்கும், போட்டால் ஓடாது. இதைக் கண்டு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதன் வழியாக ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான குடிமக்கள் முன்னெடுப்பு, 2025 ஜூலை இறுதியில் காலக்கெடு முடிந்தபோது, தேவையான 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியிருந்தது. அவர்கள் கேட்பது எந்தக் காலத்திலும் சர்வரை மூடக்கூடாது என்பதன்று. மூடும்போது, ஆடக்கூடிய நிலையில் எதையாவது விட்டுச்செல்லுங்கள் என்பதுதான். தனியார் சர்வர்களில் ஆட்டக்காரர்களின் தரவுக்கும் சட்டவிரோத உள்ளடக்கத்துக்கும் யார் பொறுப்பு, இணையத்துக்கென்றே கட்டிய விளையாட்டை மாற்ற ஆகும் செலவை யார் தாங்குவது என்று ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு எதிர்க்கேள்வி எழுப்பியது. கணிமேடை சொன்ன ஆறுமாதக் கணக்கைப் பார்த்தால் அக்கேள்வி முற்றிலும் சாக்குப்போக்கு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் 2025 செப்டம்பரில், நிறுவனத்தின் உதவி ஏதும் இல்லாமல், ரசிகர்கள் குழு ஒன்று தானாகவே சர்வர் எழுதி தி க்ரூவை மீண்டும் ஓட வைத்துவிட்டது. சம்பளம் வாங்காதவர்களால் வெளியிலிருந்து முடிந்தது, எழுதியவர்களால் உள்ளிருந்து முடியாதா?

முத்துநகர்க்காரன் எழுதியது:

தொடர்ந்து நடத்த நிறுவனமே விரும்பினாலும் விளையாட்டு நின்றுபோகக்கூடும் என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று விட்டுப்போயிற்று. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் இருந்தது. செயலி கைப்பேசியில் இருந்தவர்கள் சில வாரம் ஆடினார்கள். அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சர்வர் தொடர்பு நிறுத்தப்பட்டதும் அதுவும் முடிந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது பழைய கணக்கிலிருந்த உடைகளையும் துப்பாக்கி வண்ணங்களையும் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள், அது பெரிய ஆறுதல். 2022 ஜூலையில் மறுபடி கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அந்த முறை சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் ஏற்கெனவே நிறுவியிருந்தவர்கள் ஆட முடிந்தது. 2023 மே மாதம் திரும்பவும் கடைக்கு வந்தது. கடையிலிருந்து போவது வேறு, சர்வர் நிற்பது வேறு என்பதை எங்கள் தெருப் பிள்ளைகள் அப்போதே நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

வைகைக்கரை எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தி க்ரூ பற்றிப் படித்ததும் ஒரு துணைக்கேள்வி எழுகிறது. ஒரு விளையாட்டின் கணிப்பு சர்வரில் நடக்கிறதா, சரிபார்ப்பு மட்டுமா என்பதை வாங்குவதற்கு முன்பே வெளியிலிருந்து அறிய முடியுமா? தொடர்ந்து புதுப்பிக்கப்படும் விளையாட்டாகவும், பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ளக்கூடியதாகவும் ஒன்றாவது இருக்கிறதா?

நிலாமுற்றம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அந்த விளையாட்டு உங்கள் வீட்டிலேயே யாராவது ஒரு பிள்ளையிடம் இருக்கும். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்டின், கணினிக்கான ஜாவா பதிப்பு 2009 முதல் இன்றுவரை ஓயாமல் மாறிவருகிறது. ஆனால் அதைத் திறக்கும் செயலியிலேயே எந்தப் பதிப்பை ஓட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். தொடக்க காலத்து ஆல்ஃபா, பீட்டா எனப்படும் சோதனைப் பதிப்புகள் பலவும் அப்பட்டியலில் உள்ளன. உலகம் நம் கணினியிலேயே உருவாகிச் சேமிக்கப்படுகிறது. நண்பர்களோடு ஆட வேண்டுமானால் சர்வர் மென்பொருளையே இலவசமாகப் பதிவிறக்கி வீட்டுக் கணினியில் ஓட்டலாம். புதுப்பிப்பும் பழையதைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை. தொழிற்சாலை கட்டும் ஃபாக்டோரியோவும் அப்படியே: கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அதன் பண்புகள் பகுதிக்குள் பீட்டா என்ற தாவலைத் திறந்தால் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும். இதைச் செய்வது விளையாட்டை உருவாக்கியவரின் விருப்பம், எல்லாரும் செய்வதில்லை.

வாங்குவதற்கு முன் அறிவது எப்படி என்றால், ஓரளவுதான் முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், வாங்குவது உரிமம் மட்டுமே என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஸ்டீம் தளம் அதற்கு முன்பே பணம் செலுத்தும் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. ஆனால் அந்த வரி எல்லா விளையாட்டுக்கும் ஒரே மாதிரி வருவதால் உங்கள் கேள்விக்கு அது உதவாது. ஜிஓஜி தளத்தில் விற்கும் விளையாட்டுகளின் நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், தனியாள் ஆட்டத்துக்குச் சரிபார்ப்பு ஏதும் இல்லாமல் எப்போதும் நிறுவலாம். மற்ற இடங்களில் வாங்குவதானால், வெளியான அன்றே வாங்காமல் சில வாரம் பொறுத்து, நடு ஆட்டத்தில் இணைப்பை அறுத்தால் என்ன ஆகிறது என்று ஆடியவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆட்டம் தொடர்ந்து ஓடி, சேமிக்கும்போது மட்டும் தடுமாறினால் கணிப்பு நம் கணினியில் நடக்கிறது, சேமிப்புதான் சர்வரில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதே நொடியில் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, சிம்சிட்டியைப் போல வெறும் கடிகாரமாகவும் இருக்கலாம்.

விளையாட்டுக்குள் உண்மைப் பணத்துக்கு ஏதாவது விற்கிறார்களா என்பது இன்னொரு அடையாளம். கிரான் டூரிஸ்மோ 7 கார் விளையாட்டில் 2022 மார்ச்சில் ஒரு புதுப்பிப்பு பழுதானதால் சர்வர்கள் 30 மணி நேரத்துக்கும் மேல் நின்றன. தனியாக ஓட்டுகிறவர்களுக்கும் பெரும்பகுதி மூடியே கிடந்தது. ஆட்டத்தின் காசை உண்மைப் பணத்துக்கு விற்கும்போது, அந்தக் காசின் இருப்பை ஆட்டக்காரரின் கணினியில் விட்டுவைக்க எந்த நிறுவனமும் துணியாது. கணிமேடை சொன்ன ஏல மையத்தின் நியாயமேதான் இங்கும்.

கன்சோல் வட்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. வட்டில் இருப்பது பெரும்பாலும் முதல் பதிப்பு, சில வேளைகளில் வெளியான அன்றே வந்த திருத்தம்கூட இல்லாதது. நோ மேன்ஸ் ஸ்கையின் முதல் வட்டை இணைப்பு இல்லாத பிளேஸ்டேஷன் 4-இல் போட்டால் 2016-இல் எல்லாரும் திட்டிய அதே விளையாட்டு இன்றும் ஓடும். வரலாற்று ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பொக்கிஷம், மற்றவர்களுக்குத் தண்டனை.

பழையவட்டு அவர்கள் சொன்ன நிலை கொஞ்சம் மாறிவருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ரெட்ஃபால் விளையாட்டை உருவாக்கிய ஆர்க்கேன் ஆஸ்டின் என்ற ஸ்டுடியோ 2024-இல் மூடப்பட்டபோதும், கடைசிப் புதுப்பிப்பில் ஆஃப்லைன் வசதியைச் சேர்த்துவிட்டுத்தான் போனார்கள். யுபிசாஃப்ட் நிறுவனமே தி க்ரூ 2-க்கு 2025 அக்டோபரில் ஆஃப்லைன் ஆட்டத்தைச் சேர்த்தது. ஆகவே கார் ஓட்டத்தான் வேண்டும் என்றால் இப்போதைக்கு அது ஒரு வழி. இணைப்புள்ள ஆட்டத்தின் சேமிப்பை ஆஃப்லைன் ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாம், அங்கிருந்து திரும்பக் கொண்டுவர முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் நகர விளையாட்டின் பெயரை எழுதினால், இணைப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இங்கே விடை சொல்வார்கள்.